ஆண்குரலோட ஒரு ட்ராக்

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் போடுதேன். ரெக்கார்டிங்ல சத்தம் விழும்னு இந்த ரூம்ல ஃபேன அணைச்சே வச்சுப் பழகிட்டேன். இப்பம் என்ன ரெக்கார்டிங் நடக்கு, சவம் சுத்திட்டுப் போகுது.

நீங்க வாசல்ல நின்னு சொன்னத நான் ஒருக்கா திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க. உங்க பேரு மகாராஜன். மின்சார வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவிய. பெருமாள்புரத்துல ஞாயித்துக்கெழம தோறும் கரோக்கி பாடுத கிளப்புக்கு செகரட்டரி. அடுத்த மாசம் ஆண்டு விழா. அதுல ஒரு லேடி மெம்பர் அந்தப் படகுப் பாட்டப் பாடணும். டூயட்டு. பொம்பள வரிய அவ மேடையில பாடுவா, ஆம்பள வரி ட்ராக்குக்குள்ளயே இருக்கணும். அப்படி ஒரு ட்ராக் எங்கயும் நல்லதா கெடைக்கல, சரி, பாளையங்கோட்டை ஆசீர்கிட்ட கேப்போம்னு வந்திருக்கிய. மெம்பர் பேரு ஹெப்சிபா.

ஹெப்சிபா என் வீட்டுக்காரி சார். அது தெரிஞ்சுதான் வந்திருக்கிய, மொகத்தப் பாத்தாலே தெரியுது. எட்டு மாசமா அவ அக்கா வீட்ல இருக்கா. சண்டை ஒண்ணும் இல்ல. அதாவது சத்தம் போட்டு சண்டை இல்ல. பையத் தூக்கிட்டுப் போனா, நான் இங்கனதான் ஹெட்போன மாட்டிட்டு உக்காந்திருந்தேன். கதவு சாத்துன சத்தம் கூட கேக்கல.

இருங்க, என்னமோ சொல்ல வாறிய. பொறவு சொல்லுங்க. நான் சொல்லுததக் கேட்டுக்கிடுங்க. அவதான் உங்கள அனுப்பியிருக்கா. நேரா கேக்க ரோசம். எனக்கும் ரோசம்தான், நானும் போன் பண்ணல. இப்பம் ஒரு ட்ராக்கச் சாக்கா வச்சு ஆள் விடுதா. எனக்கு சந்தோசமாத்தான் இருக்கு சார், எதுக்குப் பொய் சொல்லணும். எட்டு மாசம் தனியா சோறு பொங்கித் தின்னவனுக்கு இது பெரிய சேதி.

சரி, உங்ககிட்ட இப்பம் இருக்கத போடுங்க. போன்லயே போடுங்க, கேப்போம்.

போதும், நிறுத்துங்க. சாமி, என்ன கொடுமை இது. இது யாரு குடுத்தா? நெட்ல எடுத்ததா. இத நாங்க கழுவுன ட்ராக்குன்னு சொல்லுவோம். முழுப் பாட்டக் கொண்டு போய் கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேர்ல போட்டா, குரல் தனியா, மியூசிக் தனியா பிச்சுக் குடுத்திரும். அரை நிமிசம். பிச்சதுதான சார், ஒழுங்காவா இருக்கும்? குரலோட சேந்து வாசிச்ச புல்லாங்குழல் இருக்குல்லா, அதயும் குரல்னு நெனச்சு தின்னுரும். தபலா சாக்குல அடிச்ச மாதிரி கேக்கும். இங்க இன்னும் மோசம், பொம்பள குரல மட்டும் எடுக்கணும், ஆம்பள குரல விட்டு வைக்கணும். பல்லவி முடியுற எடத்துல ரெண்டு பேரும் சேந்து ராகம் இழுப்பாவல்லா, அங்க அதுக்குக் கோட்டி புடிச்சிட்டு. எது ஆம்பள எது பொம்பளன்னு தெரியாம ரெண்டயும் முழுங்கிட்டு. கேட்டியளா, அந்த எடத்துல ஒரு இருமல் மாதிரி வருது.

ஒரிஜினல் மைனஸ்னு சொல்லி விப்பான், அதயும் நம்பாதிய. ஸ்டுடியோவுல பாட்டு எடுத்தப்பம் குரல் இல்லாம தனியா வச்சிருந்த மியூசிக்னு அர்த்தம். அது வெளிய வாரது நூத்துல ஒண்ணு. மத்ததெல்லாம் கழுவுனதுதான், மேல எக்கோவ அள்ளிப் போட்டு மறைச்சிருப்பான். மீன் கெட்டுப் போனா மசாலாவக் கூட்டிப் போடுவாவல்லா, அதேதான்.

நான் அப்படி இல்ல. நான் பண்ணுனதெல்லாம் இந்த ரெண்டு கையால வாசிச்சது. பாட்ட எரநூறு தடவ கேப்பேன். வீணை எங்க வருது, பின்னாடி கிட்டார் என்ன பண்ணுது, ரெண்டாவது சரணத்துல வயலின் எத்தன பேரு, எல்லாத்தயும் காதால எடுத்து, கீபோர்டுல ஒண்ணு ஒண்ணா வாசிச்சு அடுக்கணும். ஒரு பாட்டுக்கு ஒம்பது நாள், பத்து நாள். சர்ச்சுல ஆராதனைக்கு வாசிச்சது போக, கல்யாண வீட்டுக்குப் போனது போக, மிச்ச நேரமெல்லாம் இதுதான். பக்கத்துல மாவு மில்லு இருக்கு பாத்தியளா, அவன் மத்தியானம் ஒரு மணிக்கு சாப்பிடப் போவான், மூணு மணிக்கு வருவான். அந்த ரெண்டு மணி நேரந்தான் மைக்க வைக்க முடியும். சன்னல்ல போர்வையத் தொங்கப் போட்டு, ஃபேன அணைச்சு, வேர்த்து ஊத்தும். பாடுறவ சேலையெல்லாம் நனைஞ்சிரும்.

அவதான் பாடுவா. வேற யாரு.

எனக்கு யோசனை வந்தது எப்படின்னா, சும்ம மியூசிக் மட்டும் போட்டா வாங்குறதுக்கு ஆள் கொறவு. பாடுதவிய யாரு? எல்லாம் ரிட்டயர் ஆன ஆம்பளைங்க. டூயட் பாடணும்னு ஆசை. கூடப் பாட பொம்பளைக்கு எங்க போவாவ? வீட்டம்மாகிட்ட கேட்டா சிரிப்பா. வேற பொம்பள கூடப் பாடுனா வீட்ல குழம்பு வராது. அதனால ட்ராக்குக்குள்ளயே பொம்பள குரல வச்சுக் குடுத்திட்டோம்னா, அவரு பாட்டுக்குத் தன் வரியப் பாடிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போவாரு. 'வித் ஃபீமேல் வாய்ஸ்'னு போட்டா ஒண்ணு விக்கிற எடத்துல அஞ்சு வித்துது. இது தமிழ்நாட்டுலயே மொதல்ல யோசிச்சது நான்தான்னு நெனைக்கேன், நிச்சயமா தெரியாது.

மொதல்ல வெளிய ஒரு பிள்ளையக் கூப்பிட்டுத்தான் பாட வச்சேன். அது ரெண்டு பாட்டோட கல்யாணம் முடிஞ்சு போயிட்டு. ஹெப்சிபா கோயில் கொயர்ல பாடுவா. நல்ல குரல்தான், ஆனா எடுத்துக் காட்டுத குரல் இல்ல, பத்து பேரோட சேந்து நிக்குத குரல். எனக்கு அதுதான் வேணும். நான் அவகிட்ட சொல்லுவேன், ரொம்ப உருகிராத, நீ உருகுனா பாடுத சார் குரல் எடுபடாது, அளவாப் பாடுன்னு. சரின்னு கேட்டுக்கிடுவா. பதினோரு வருசம். இந்தா இந்த ஹார்டு டிஸ்க்ல எரநூத்திப் பதினாலு பாட்டு இருக்கு, எல்லாத்துலயும் அவதான்.

ஒண்ணு மட்டும் அடிக்கடி கேப்பா. ஆம்பள வரி வாற எடத்துல எனக்கு வெறும் டிக் டிக்னுதான் ஹெட்போன்ல வருது, நீங்க சும்ம மொணங்கவாச்சும் செய்யுங்களேன், பதில் சொல்லுத மாதிரி பாடணும்லான்னு. நான் மிக்ஸிங்கப் பாப்பனா, மொணங்குவனா? தாளம் இருக்குல்லா, எண்ணிப் பாடுன்னுருவேன். அவளும் வெரல மடக்கி எண்ணிக்கிட்டே நிப்பா. எட்டு எண்ணி, 'ஆமாம் அன்பே'ன்னு சொல்லணும். சிரிப்பு வரும்னு சொல்லுவா.

சுருதி விசயத்துல கொஞ்சம் சங்கடப்பட்டா, அது உண்மை. அறுவது வயசுக்கு மேல தொண்ட மேல ஏறாதுல்லா. அதனால எல்லா ட்ராக்கயும் ஒண்ணரக் கட்ட எறக்கித்தான் போடுவேன். ஆம்பளைக்கு சௌரியம். பொம்பள வரி கெணத்துக்குள்ள போயிரும். 'எனக்குக் குரலே கெடைக்கல, ஒரு அரைக் கட்டயாச்சும் ஏத்துங்க'ன்னு கேப்பா. 'வாங்குதது நீயா, அவியளா'ன்னு கேப்பேன். வெந்நியக் குடிச்சிட்டுப் பாடிருவா. நல்ல பொறுமைசாலி சார் அவ, அதச் சொல்லணும்.

நீங்க கேக்குத இதே படகுப் பாட்டுக்கு, ஆரம்பத்துல தண்ணிச் சத்தம் வரணும். கீபோர்டுல இருக்க தண்ணி ஒப்பாது, குழாய் ஒழுகுத மாதிரி கேக்கும். அவளத்தான் கூப்பிட்டு, அண்டாவுல தண்ணிய ரொப்பி, கையால அளையச் சொல்லி எடுத்தேன். அதுல நடுவுல லேசா வளையல் சத்தம் விழுந்திட்டு. அழகா இருந்துது, விட்டுட்டேன். மூணு வருசம் கழிச்சு நெட்ல ஒரு சேனல்ல யாரோ அந்தப் பாட்டுக்கு ட்ராக் போட்டிருந்தான். கேக்கேன், வளையல் சத்தம் வருது. என் ட்ராக். அப்படியே எடுத்து அவன் பேரப் போட்டிருக்கான். ஒண்ணு இல்ல, அம்பது அறுவது பாட்டு. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல. ராப்பகலா ஒருத்தன் ஒழைச்சத, பேரக் கூட போடாம எடுத்துப் போடுததுக்கு மனசு எப்படி சார் வரும்? ஹெப்சிபாகிட்ட கொண்டு போய்க் காட்டுனேன். என் பேரு எங்கயாச்சும் இருக்கா பாருன்னேன். பாத்தா. 'இல்ல, உங்க பேரு இல்ல'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. எரிச்சல் வருமா வராதா? கொஞ்சமாச்சும் கூடச் சேந்து கோவப்பட வேண்டாமா ஒரு மனுசி?

ஒருக்கா அவள விழாவுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஜங்ஷன் பக்கம் ஒரு மண்டபத்துல, உங்கள மாதிரி ஒரு கிளப்புதான். எனக்குப் பொன்னாடை போடப் போறாவன்னு கூப்பிட்டிருந்தாவ. பட்டுச்சேல கட்டிட்டு வந்தா. மூணாவது வரிசையில உக்கார வச்சேன். ஒரு ரிட்டயர்டு தாசில்தார் வந்து டூயட் பாடுனாரு, என் ட்ராக்குல. மனுசன் கண்ண மூடிட்டு, கைய நீட்டி நீட்டி, பொம்பள வரி வாரப்பம் ஸ்பீக்கரப் பாத்து சிரிக்காரு. மண்டபமே கை தட்டுது. தொகுத்துப் பேசுனவரு மைக்கப் புடிச்சு, 'தாசில்தார் அவர்களும் ட்ராக்கும் இணைந்து பாடினார்கள்'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாவ. பொறவு என்ன மேடைக்குக் கூப்பிட்டுப் போத்துனாவ. நான் அங்கன இருந்து இவளப் பாக்கேன், இவ ஸ்பீக்கரப் பாத்துட்டு இருக்கா.

ஆட்டோவுல திரும்பி வந்தோம். வீட்டு வாசல்ல எறங்கி, 'நான் அங்கனதான் இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா'ன்னா. நான் என்ன நெனச்சேன்னா, வீட்டுப் பொம்பள பேர மேடையில எதுக்கு இழுக்கணும், தாசில்தார் கூடப் பாடுனவ இவதானான்னு நாலு பேரு திரும்பிப் பாக்கவா? அவ மரியாதைக்காகத்தான் சார் சொல்லாம விட்டேன். தலவலிக்குன்னு படுத்துட்டா. பொன்னாடைய மடிச்சு பீரோவுல வச்சா, மறுநாள். அதுக்கெல்லாம் கொற வைக்க மாட்டா.

இருங்க சார், முடிச்சிருதேன். நீங்க ரெண்டு மட்டம் வாயெடுத்திட்டிய, பாத்தேன். ஒரு அஞ்சு நிமிசம். ஆள்கிட்ட பேசி நாளாச்சு.

இந்தக் கழுவுற சாஃப்ட்வேர் வந்த பொறவு என் யாவாரம் படுத்திட்டு. எவன் பத்து நாள் காத்திருப்பான், அவன் போன்லயே பிச்சுக்கிடுதான். அப்பந்தான் இன்னொண்ணு கேள்விப்பட்டேன். ஒருத்தர் பாடுன பாட்டு நெறைய இருந்தா, அத வச்சு அவிய குரலக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்திரலாம். பொறவு யாரு பாடுனாலும் அவிய குரலா மாத்திக் குடுத்திரும். எனக்கா, எரநூத்திப் பதினாலு பாட்டு இருக்கு. ஹெப்சிபாவுக்கு அந்தச் சமயம் சளி, இருமல், ரெண்டு மாசமா பாடவும் இல்ல, கேட்டா பொறவு பாக்கலாம்னு சொல்லிட்டு இருந்தா. சரி, சோதிச்சுப் பாப்போம்னு, கோயில்ல பொம்பளைங்க கூட்டத்துக்கு அவ போயிருந்த நேரம், ஒரு புதுப் பாட்டுல பொம்பள வரிய நானே பாடுனேன்.

சிரிக்காதிய. என் கட்டக் குரல்ல, பொம்பள வரிய. பாடி, உள்ள விட்டு, மாத்திப் போட்டுக் கேட்டா, ஹெப்சிபா சார். அச்சு அசல் அவதான். மூச்சு விடுதது, வார்த்த முடியுற எடத்துல லேசா எறக்குதது, எல்லாம். இத்தன வருசத்துல நான் கேட்டதுலயே சுத்தமான ரெக்கார்டிங். வேர்வ இல்ல, போர்வ இல்ல, மில்லுக்காரனுக்குக் காத்துக் கெடக்க வேண்டாம். சத்தமாப் போட்டுக் கேட்டுட்டு இருக்கேன், அவ கூட்டம் முடிஞ்சு வந்து இந்த நெலப்படியில நிக்கா. கையில பைபிள் பை. பாட்டு முடியுற வரைக்கும் நின்னா.

'இது நான் எப்பம் பாடுனேன்'ன்னு கேட்டா.

எனக்கு சந்தோசம் தாங்கல. 'நீ பாடவே இல்லட்டி, நான்தான் பாடுனேன், ஆனா நீதான்'னேன். வெளக்கமாச் சொன்னேன். 'இனி உனக்குக் கஷ்டமே இல்ல, தொண்டக்கு ரெஸ்ட் குடு, வேணும்னா தூங்கு'ன்னேன். நல்லதுக்குத்தான சார் சொன்னேன்? எந்தப் புருசன் பெண்டாட்டிய ரெஸ்ட் எடுன்னு சொல்லுதான்? அவ அந்த ஸ்பீக்கர்கிட்டப் போய் கொஞ்ச நேரம் நின்னா. பொறவு அடுக்களைக்குப் போய் உலைய வச்சா. ஒரு வாரம் கழிச்சு அக்காவுக்கு மூட்டு வலின்னு போனா. இன்னும் அந்த மூட்டு வலி சரியாகல.

சரி, அது கெடக்கட்டும். ட்ராக்குக்கு வருவோம். ஆண்குரலோட என்கிட்ட ஒண்ணு கூட இல்ல சார். நீங்க கேட்டப் பொறவுதான் எனக்கே உறைக்கு. இந்தப் படகுப் பாட்டு மியூசிக் இருக்கு, ஆம்பள வரிய நான் பாடிச் சேத்திருதேன். அவளுக்குத் தெரியட்டும். கேட்ட ஒடனே தெரியணும், மனுசன் நமக்காகப் பாடியிருக்கான்னு. அவ என்ன சுருதின்னு சொன்னா? அஞ்சரையா? சார், நல்லா விசாரிச்சியளா? அஞ்சரக் கட்டையில அவளால நிக்க முடியாது. பாடுதாளா? வாரா வாரம் அதுலதான் பாடுதாளா? மேல்ஸ்தாயில கூட? அப்படியா.

அப்படியா சார்.

சரி, அஞ்சரையிலயே போட்டுருதேன். எனக்கு அது எட்டாது, தொண்ட கிழிஞ்சிரும். பரவால்ல, ரெண்டு நாள் வெந்நி குடிச்சு சரி பண்ணிக்கிடுதேன். ஆனா ஒண்ணு, போன்ல அனுப்புனா நசுக்கிரும், சத்தம் சப்புன்னு போயிரும். அவளயே வரச் சொல்லுங்க. இந்த ஸ்பீக்கர்ல போட்டுக் கேட்டு, சரியா இருந்தா எடுத்துட்டுப் போகட்டும். ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சு வரச் சொல்லுங்க. மில்லும் லீவு. நான் சாப்பாடு கூட...

என்ன சொன்னிய?

அவ அனுப்பலயா.

நீங்க இங்கன வந்ததே அவளுக்குத் தெரியாதா. அப்பம் எதுக்கு வந்திய? ஓ. 'வேற எங்க வேணும்னாலும் கேளுங்க, பாளையங்கோட்டைக்கு மட்டும் போயிராதிய'ன்னு சொன்னாளா. சொல்லுவா. சொல்லியிருப்பா. இந்தக் கழுவுன ட்ராக்கயே வச்சுப் பாடிக்கிடுதேன்னாளா? இதுவே போதும்னா?

இது போதாது சார்.

தண்ணி குடிக்கியளா? நான் குடிச்சிக்கிடுதேன். ஒரு நிமிசம்.

நீங்க நல்ல மனசோடதான் வந்திருக்கிய, எனக்குத் தெரியுது. அவ நல்லாப் பாடுதா, நல்ல ட்ராக்ல பாடட்டும்னு வந்திருக்கிய. நானும் அதத்தான் சொல்லுதேன். இந்த இருமலையும் கடகடப்பையும் வச்சுக்கிட்டு அவ மேடையில ஏறக் கூடாது. அந்த ராகம் இழுக்குத எடத்துல ட்ராக் அவளக் கைவிட்டுரும், மண்டபம் அவளத்தான் தப்பாப் பாடுதான்னு நெனைக்கும். விழா மூணாம் வாரந்தான? வர வெள்ளிக்கெழம நீங்களே வந்து பென்டிரைவ்ல வாங்கிட்டுப் போங்க. என் பேர எதுலயும் போட மாட்டேன். நெட்ல வாங்குனதுன்னு சொல்லிருங்க. என் மியூசிக்தான் நெட்டு பூரா கெடக்கே, எவனோ எடுத்துப் பாடி வச்சிருக்கான்னு நெனச்சுக்குவா.

எந்திரிக்காதிய சார், உக்காருங்க. நீங்க பயப்படுதது எனக்குப் புரியுது. மேடையில நிக்கும்போது ஆம்பள குரலக் கேட்டு, இது அவராச்சேன்னு கண்டுபிடிச்சு, பாதியில நிறுத்திட்டா என்ன செய்யன்னுதான கேக்கிய?

கண்டுபிடிக்க மாட்டா. நான் பாடி அவ ஒரு நாளும் கேட்டதில்ல.